பம்புசெட் பெட்டிக்குள் ஒரு நீர்ப்பாய்ச்சி

தாமிரபரணியின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளில் கடைசியாக இருப்பது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. இங்கிருந்து பிரியும் வடகால், தென்கால் ஆகிய இரண்டு வாய்க்கால்களும் 25,560 ஏக்கர் நிலத்துக்குப் பாசனம் தருகின்றன. மேலே உள்ள ஏழு அணைக்கட்டுகளும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் தண்ணீர்தான் இங்கு வந்து சேரும். ஆகவே கார், பிசானப் பருவங்களுக்கு இடையே வாய்க்கால் வறளும்போது வாழைத் தோட்டங்களைக் காப்பாற்றுவது கிணறும் மோட்டாரும்தான். வாய்க்கால் எட்டாத மேட்டு நிலங்களுக்கோ ஆண்டு முழுவதும் அதுவே கதி.

இந்த மோட்டார்களின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சில ஆண்டுகளாக இன்னொரு சிறு பெட்டி இடம் பிடித்து வருகிறது. வெளியே ஓர் ஆன்டெனா, இரண்டு மூன்று சிறு விளக்குகள், உள்ளே ஒரு சிம் கார்டு. வீட்டிலிருந்தே கைபேசியில் அழைத்தால் மோட்டார் ஓடும். மறுபடி அழைத்தால் நிற்கும். கிராமங்களில் இதை மொபைல் ஸ்டார்ட்டர் என்கிறார்கள். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வரப்பில் பாம்புக்குப் பயந்து நடக்க வேண்டியதில்லை என்பதே இதன் முதல் பயன்.

இந்தப் பெட்டியைப் பற்றி இரண்டு கேள்விகள் எழுகின்றன. நம்பி வாங்கலாமா என்பது ஒன்று. எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பையனுக்கோ பெண்ணுக்கோ இதில் பிழைப்பு உண்டா என்பது மற்றொன்று. இரண்டும் வெவ்வேறு கேள்விகள் போலத் தோன்றும். ஆனால் இத்தகைய கருவிகளை வடிவமைக்கும் பொறியாளர்களிடமும், பட்டறையில் அவற்றைச் செய்து விற்பவர்களிடமும் பேசிப் பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பெட்டி பழுதானால் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்பதே அந்த இடம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

உள்ளே இருப்பது ஒரு கணினி. திரை கிடையாது, தட்டச்சுப் பலகை கிடையாது. கொடுத்த ஒரே வேலையை இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கும் கட்டை விரல் நக அளவுள்ள கணினி. இன்னொரு பொருளுக்குள் புதைந்திருப்பதால் இதை எம்பெடட் சிஸ்டம் என்கிறார்கள். தமிழில் உள்பொதி கணினி எனலாம். விவசாயிகளுக்கு இது புதிய அறிமுகம் அல்ல. வீட்டு மின்சார மீட்டர், ரேஷன் கடையில் ரசீது அடிக்கும் கருவி, பால் சங்கத்தில் கொழுப்புச் சத்தைக் காட்டும் கருவி, புது மாடல் டிராக்டர் என எல்லாவற்றிலும் இது உண்டு. கடற்கரை ஊர்களில் மீனவர்கள் படகில் வைத்திருக்கும் ஜி.பி.எஸ். கருவியும், ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டும் எக்கோ சவுண்டரும் இதே இனம்தான். நிலத்தில் இருப்போரைவிடக் கடலில் இருப்போர் இந்தக் கணினிகளோடு முன்னதாகவே பழகிவிட்டார்கள்.

1971-ஆம் ஆண்டு அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் 4004 என்ற சில்லை விற்பனைக்கு விட்டது. கணக்குப் போடும் மூளை முழுவதும் ஒரே சில்லில் அடங்கியது அப்போதுதான். 1980-ல் அதே நிறுவனம் வெளியிட்ட 8051 என்ற சில்லில் மூளையோடு நினைவகமும், செய்தி உள்ளே வரும் வழியும், கட்டளை வெளியே போகும் வழியும் சேர்ந்தே இருந்தன. இப்படிப்பட்ட சில்லுக்கு மைக்ரோ கன்ட்ரோலர் என்று பெயர். நம் நாட்டு பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் பல தலைமுறை மாணவர்கள் இந்த 8051-ஐ வைத்தே பாடம் படித்தார்கள்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை அறிய நம் ஊர் நீர்ப்பாய்ச்சியை நினைத்துக்கொண்டால் போதும். வாய்க்காலில் எவ்வளவு வருகிறது, எந்த வயலில் எவ்வளவு நிற்கிறது என்று அவர் முதலில் பார்க்கிறார். இது யாருடைய முறை, இன்னும் எவ்வளவு நேரம் விடலாம் என்று முடிவு செய்கிறார். பிறகு மண்வெட்டியால் மடையைத் திறக்கிறார் அல்லது அடைக்கிறார். அடுத்த மடைக்குப் போய் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். பெட்டிக்குள் இருக்கும் கணினிக்கும் இதே மூன்று வேலைகள்தான். பார்ப்பதற்குச் சென்சார், முடிவெடுப்பதற்கு நிரல், திறந்து அடைப்பதற்கு ரிலே. ஒரு விநாடிக்குள் பல முறை இந்தச் சுற்றை முடித்துவிடும் என்பது மட்டும் வேறுபாடு.

மொபைல் ஸ்டார்ட்டரில் சென்சார் பார்ப்பவை முக்கியமாக இரண்டு. மூன்று பேஸ்களிலும் வோல்டேஜ் சரியாக இருக்கிறதா என்பது முதலாவது. மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்பது இரண்டாவது. 5 குதிரைத் திறன் கொண்ட மும்முனை மோட்டார் முழுப் பாரத்தில் ஏறக்குறைய 7½ ஆம்பியர் இழுக்கும். ஒரு பேஸ் போய்விட்டால் மற்ற இரண்டில் ஆம்பியர் ஏறும். சற்று நேரத்தில் காயில் கருகும். கிணற்றில் தண்ணீர் வற்றி வெறுமனே சுற்றினால் ஆம்பியர் இறங்கும். வாஷரும் சீலும் தேய்ந்து போகும். இரண்டையும் கணினி கண்டுகொண்டு ரிலேயை விடுவிக்கிறது. ரிலே விட்டதும் ஸ்டார்ட்டரின் கான்டாக்டர் விடுபட்டு மோட்டார் நிற்கிறது. காயில் கட்டக் கொடுத்துவிட்டு நான்கைந்து நாள் காத்திருக்கும்போது குலை தள்ளும் வாழைக்கு என்ன ஆகும் என்பதை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கைபேசியில் இயக்குவது வசதி. மோட்டாரைக் காப்பதுதான் இதன் உண்மையான மதிப்பு.

இன்னொரு சிறு ஏற்பாடும் உள்ளே உண்டு. கணினி சில சமயம் திகைத்து நின்றுவிடும். மின்சாரத்தில் ஒரு சிறு அதிர்ச்சி போதும். நின்றுவிட்டால் கிணற்றடியில் யார் போய் அதைத் தட்டி எழுப்புவது? அதற்காகக் காவல் கடிகாரம் ஒன்றை வைக்கிறார்கள். சோளக் காட்டில் இரவுக் காவலுக்கு இருப்பவர் அவ்வப்போது தகரத்தைத் தட்டி ஓசை எழுப்புவது போல, கணினி குறித்த இடைவெளியில் இந்தக் கடிகாரத்துக்கு ஓசை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓசை வராவிட்டால் கணினி மயங்கிவிட்டது என்று பொருள். கடிகாரம் அதை அணைத்து மறுபடி தொடங்கிவிடும். 1997-ஆம் ஆண்டு செவ்வாய் கிரகத்தில் இறங்கிய அமெரிக்காவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி திரும்பத் திரும்ப நின்று தொடங்கியது. அதைக் காப்பாற்றியது இதே காவல் கடிகாரம்தான். நிரலில் இருந்த குறையைப் பொறியாளர்கள் பூமியிலிருந்தே கண்டுபிடித்துத் திருத்தினார்கள். சில ஆயிரம் ரூபாய்ப் பெட்டியிலும் அதே ஏற்பாடு இருக்கிறது. விலையைக் குறைக்க அதைச் சரியாக அமைக்காமல் விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கிணற்றடியில் பிறந்த கருவி

நம் நாட்டில் கைபேசியால் பம்புசெட்டை இயக்கும் கருவிகளில் முன்னோடி என்று சொல்லத்தக்கது புனே நகரில் உருவான நானோ கணேஷ். அதைச் செய்தவர் சந்தோஷ் ஓஸ்வால் என்ற எலக்ட்ரானிக்ஸ் பொறியாளர். தள்ளாத வயதில் தம் தாத்தா மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் தோட்டத்துக்கு நடந்து போய் வந்ததைக் கண்டதே அவரை இந்த வேலையில் இறக்கியது. கருவி மிக எளிமையானது. தோட்டத்தில் உள்ள பெட்டிக்கு அழைப்பு விடுத்து, எண்களை அழுத்தினால் மோட்டார் ஓடும் அல்லது நிற்கும். மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பதை அங்கிருந்து வரும் ஓசையை வைத்தே தெரிந்துகொள்ளலாம். எழுத்துப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தலாம். விலை உயர்ந்த கைபேசியும் வேண்டாம். 2009-ஆம் ஆண்டு நோக்கியா நிறுவனம் நடத்திய உலகப் போட்டியில் இதற்குப் பரிசு கிடைத்தது.

தமிழ்நாட்டில் இந்த வழியைக் காட்டியவர் அதற்கு வெகு காலம் முன்பே இருந்தார். கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் அல்லர். ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பூட்டிக் கற்றுக்கொண்டவர். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்சார மோட்டாரை உருவாக்கினார். கோவை இன்று பம்புசெட் நகரமாக இருப்பதற்கு அந்த நாளைய பட்டறைகளே வித்து. 1945-ல் தொழிற்கல்விக் கூடம் ஒன்று தொடங்கக் காரணமாக இருந்த அவர், தொழிற்கல்வியை ஆண்டுக் கணக்கில் இழுக்க வேண்டியதில்லை, கையால் செய்தால் விரைவில் வரும் என்று வாதாடினார். அரசு அதை ஏற்கவில்லை. அவர் சொன்னது முழுவதும் சரியா என்பது வேறு விஷயம். ஆனால் உள்பொதி கணினித் துறையில் வேலை கொடுப்பவர்கள் இன்றைக்கும் சொல்லும் குறை அதுவேதான்: பட்டம் இருக்கிறது, கை பழகவில்லை.

மேசையில் ஓடும், தோட்டத்தில் நிற்கும்

கருவி செய்பவர்களிடம் பேசும்போது அவர்கள் மறுபடி மறுபடி சொல்வது ஒன்று உண்டு. நிரல் எழுதுவது வேலையில் ஒரு பகுதிதான். மேசை மேல் ஒழுங்காக ஓடிய பெட்டி தோட்டத்துக்குப் போனதும் ஏன் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பெரும்பாடு. அந்தக் காரணங்களைப் பொறியாளர்களைவிட விவசாயிகளே நன்கு அறிவார்கள்.

முதலாவது, வெப்பம். தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமில் சித்திரை வெயிலில் என்ன சூடு இருக்கும் என்பது தெரிந்ததே. பெட்டிக்குள் உள்ள கெபாசிட்டர் என்ற உறுப்பில் திரவம் இருக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடும்போது அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. ஆகவே பெட்டியை மேற்குச் சுவரில் மாட்டக் கூடாது. கூரையின் கீழ் இரண்டு கீற்று ஓலையைப் பரப்பினாலே பெட்டியின் ஆயுள் கூடும்.

அடுத்தது எறும்பும் பல்லியும். வெதுவெதுப்பான இடம் தேடி எறும்பு கான்டாக்டருக்குள் புகுந்து முனைகளுக்கு இடையே நசுங்கிச் சாகும்; கான்டாக்டர் சேராது. பல்லி இரண்டு முனைகளைத் தொட்டால் அதுவும் போயிற்று, பெட்டியும் போயிற்று. ஒயர் நுழையும் துளைகளில் ரப்பர் வளையம் போட்டு, மிச்ச இடைவெளியை அடைத்துவிட வேண்டும். பத்து ரூபாய்ச் செலவு. இதைச் செய்யாமல் பல ஆயிரம் ரூபாய்ப் பெட்டியை இழந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

மூன்றாவது, உப்புக் காற்று. ஆத்தூர், திருச்செந்தூர் பக்கம் கடலை நெருங்க நெருங்கச் செம்பு முனைகளில் பச்சை பூக்கும். அட்டையின் மேல் பாதுகாப்பு வார்னிஷ் பூசியிருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். படகில் வைக்கும் கருவிகளுக்கு இது இல்லாவிட்டால் மீனவர்கள் தொடவே மாட்டார்கள். கடற்கரை விவசாயிகளும் அப்படியே கண்டிப்பாக இருக்கலாம்.

இடி மின்னல் பற்றி ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் பெட்டி கருகிப் போனதாக வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு எர்த் சரியில்லாததே காரணம். எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்க வேண்டும் என்பது பழைய பாடம். கணினி வந்த பிறகு அந்தப் பாடம் இன்னும் அவசியமாகிவிட்டது. மழைக் காலத்தில் மோட்டார் தேவைப்படாத நாட்களில் மெயினை நிறுத்தி வைப்பது நலம்.

வெள்ளத்தை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே பயணிகளோடு சிக்கிக்கொண்டது. தோட்டங்களும் மோட்டார் ரூம்களும் தண்ணீரில் மூழ்கின. மூழ்கிய மோட்டாரைக் காயவைத்து, வார்னிஷ் அடித்து மீட்டுவிடலாம். சேறு படிந்த கணினி அட்டைக்கு அப்படியே மின்சாரம் கொடுத்தால் அன்றோடு முடிந்தது. முதலில் இணைப்பைக் கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றை அலசி, நிழலில் பல நாள் நன்றாகக் காயவைத்து, பிறகு தெரிந்தவரிடம் காட்டிய பின்பே இணைக்க வேண்டும். புதிதாக மாட்டுகிறவர்கள் 2023-ல் தண்ணீர் நின்ற அடையாளம் சுவரில் இருந்தால் அதற்கு மேலே மாட்டுவது புத்திசாலித்தனம்.

ஒரு விஷயம் கருவி செய்பவர்களுக்குத் தொடக்கத்தில் புரியாத புதிராக இருந்தது. விற்ற பெட்டி நன்றாக இருந்தும் விவசாயி அதைக் கழற்றி வைத்துவிடுவார். காரணம் என்னவென்றால், மூன்று பேஸில் இரண்டே வரும் நேரத்தில் கெபாசிட்டரை இணைத்து மோட்டாரை ஓட்டும் பழக்கம். இது மின்வாரிய விதிக்கு மாறானது, மோட்டாருக்கும் கேடு. ஆனால் பயிர் வாடும்போது அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பேஸ் இல்லையே என்று பெட்டி மோட்டாரை விடாது; அவர் பெட்டியையே விலக்கிவிட்டு நேராக ஒயரைக் கொடுத்துவிடுவார். பிறகு மூன்று பேஸும் வரும்போதும் அது நேர் இணைப்பிலேயே ஓடும், பாதுகாப்பு எதுவும் இன்றி. கிணற்றடிக்கு வந்து பார்க்காத பொறியாளருக்கு இது ஒருநாளும் தெரியாது. விவசாயியும் கூச்சத்தால் சொல்ல மாட்டார். சொல்லிவிடுவதே நல்லது. என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதை இருவரும் பேசித்தான் தீர்க்க முடியும்.

உயிர் சம்பந்தப்பட்டது கடைசியாக உள்ளது. பெட்டியில் ஆட்டோ என்ற நிலை உண்டு. மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாகவே ஓடத் தொடங்கும். வீட்டிலிருந்து மகனோ மனைவியோ கைபேசியிலும் போட்டுவிடலாம். அந்த நேரத்தில் கிணற்றுக்குள் புட்வால்வு கழற்ற ஒருவர் இறங்கியிருந்தால்? மோட்டாரையோ பைப்பையோ தொடுமுன், கிணற்றில் இறங்குமுன், பியூஸ் கேரியர் மூன்றையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கக் கூடாது.

வாங்குமுன்

சிம் பற்றி முதலில் கேட்க வேண்டும். பழைய வகைப் பெட்டிகள் 2ஜி அலைவரிசையில் மட்டும் இயங்குபவை. ஜியோ நிறுவனத்துக்கு 2ஜி சேவையே கிடையாது; ஆகவே அந்தப் பெட்டியில் ஜியோ சிம் வேலை செய்யாது. பெட்டி எந்த அலைவரிசைக்கு உரியது என்று தெரிந்துகொண்டு, தோட்டத்தில் எந்தக் கம்பெனியின் சிக்னல் நன்றாக எடுக்கிறது என்று கைபேசியைக் கொண்டுபோய்ப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்துவிட்டாலும் பெட்டி பேசாது. பழுது என்று வரும் அழைப்புகளில் பல, போய்ப் பார்த்தால் ரீசார்ஜ் தீர்ந்ததாகவே இருக்கும் என்று விற்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

தண்ணீர் வற்றினால் நிறுத்தும் ஆம்பியர் அளவைக் கடைக்காரர் சொல்லும் எண்ணில் வைக்கக் கூடாது. உங்கள் கிணற்றில், உங்கள் மோட்டாரில், தண்ணீர் நிறைந்து ஓடும்போது எத்தனை ஆம்பியர், காற்று இழுக்கும்போது எத்தனை ஆம்பியர் என்று அளந்து இரண்டுக்கும் நடுவே வைக்க வேண்டும். வோல்டேஜ் மிகவும் குறையும் கோடையில் ஒரு தடவை திரும்ப அளப்பது நல்லது. அளந்த எண்களை மோட்டார் ரூம் சுவரில் எழுதி வைத்துவிடலாம்.

பழுது பார்க்கும் ஆள் எந்த ஊரில் இருக்கிறார், அட்டை தனியாகக் கிடைக்குமா, பெட்டி போனாலும் பழைய ஸ்டார்ட்டரில் கையால் மோட்டாரைப் போட வழி உண்டா என்ற மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். தமிழ்நாடு அரசின் வேளாண்மைப் பொறியியல் துறை இக்கருவிகளுக்கு மானியம் வழங்கும் திட்டம் 2021-22-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. நடப்பு ஆண்டில் எவ்வளவு மானியம், யாருக்கு முன்னுரிமை என்பதைத் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு அறியலாம். சிட்டா, அடங்கல், ஆதார், மின் இணைப்பு எண் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோனால் இரண்டாம் நடை மிச்சம்.

படிக்கும் பிள்ளைகளுக்கு

தூத்துக்குடி மாவட்டத்தின் முகம் மாறி வருகிறது. தூத்துக்குடி சிலாநத்தம் சிப்காட் வளாகத்தில் வியட்நாம் நாட்டின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் அமைத்த மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் என்பது திட்டம். மின்சாரக் காரில் பேட்டரி, மோட்டார், பிரேக் ஒவ்வொன்றையும் காவல் காப்பது உள்பொதி கணினிதான். குலசேகரன்பட்டினத்தில் சிறு ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையிலான குழு சக்தி என்ற பெயரில் சில்லையே உள்நாட்டில் வடிவமைத்துக் காட்டியிருக்கிறது.

இவற்றைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பெரிய வேலை காத்திருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்தும் வேலை வேறு, கருவியை வடிவமைக்கும் வேலை வேறு. முன்னதில் ஆட்கள் அதிகம் வேண்டும்; நம் மாநிலத்தின் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் பெண்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். பின்னதில் இடம் குறைவு. ஆனால் ஆண்டு செல்லச் செல்ல மதிப்பு ஏறும். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று இருக்கிறது. விற்ற கருவியைப் பொருத்துவது, அளவு வைப்பது, பழுது பார்ப்பது. காயில் கட்டும் கடை ஊருக்கு ஒன்று இருக்கிறது. அட்டையைத் திறந்து பார்க்கும் கடையைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், சாத்தான்குளம் போன்ற ஊர்களில் மொபைல் ஸ்டார்ட்டர், சூரிய சக்தி பம்பு, சொட்டுநீர்ப் பாசனத் தானியங்கி வால்வு, இன்வெர்ட்டர், மின்சார ஸ்கூட்டர் எல்லாவற்றையும் பார்க்கத் தெரிந்த ஒருவருக்கு வேலைக்குப் பஞ்சம் வராது.

பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் பிரிவில் இரண்டு ஆண்டு படிக்கலாம். ஐ.டி.ஐ. முடித்தபின் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. டிப்ளமோ முடித்தபின் பி.இ. இரண்டாம் ஆண்டிலும் அவ்வாறே. படிப்பு அங்கேயே முடிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட படிப்புகளில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. வேளாண்மையும் இயந்திரமும் சேர்ந்த படிப்பு வேண்டுவோருக்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியல் பட்டப் படிப்பு கோவையிலும் திருச்சியை அடுத்த குமுளூரிலும் நடக்கிறது. பயிர் பற்றிய படிப்புக்கு ஸ்ரீவைகுண்டம் தாலுகாவிலேயே கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது.

நகையை அடகு வைத்து, ஆறு மாத எம்பெடட் கோர்ஸுக்கு நகரத்துத் தனியார் மையத்தில் பெருந்தொகை கட்டுமுன் பெற்றோர் சற்று நிதானிக்க வேண்டும். முன்பு படித்தவர்கள் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்று நேரில் விசாரிக்க வேண்டும். வேலை உறுதி என்ற விளம்பரத்தை மட்டும் நம்பக் கூடாது. இத்துறையில் இன்றும் பெரிதும் பயன்படும் நிரல் மொழி சி. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. ஐம்பது ஆண்டு தாண்டியும் செலாவணியில் இருக்கும் மொழி. கற்பதற்குப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கை பழக ஒரு சிறு அட்டை போதும். 2005-ஆம் ஆண்டு இத்தாலியில், எலக்ட்ரானிக்ஸ் படிக்காத மாணவர்களுக்காக உருவாக்கப்பட்டது ஆர்டுயினோ அட்டை. அதன் வடிவம் யாரும் செய்துகொள்ளலாம் என்று வெளியிடப்பட்டதால் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஒரு சால்டரிங் இரும்பும் மல்டிமீட்டரும் இருந்தால் விடுமுறையில் வீட்டிலேயே தொடங்கலாம். முதலில் ஒரு விளக்கை அணைத்து அணைத்து எரிய விடலாம். அடுத்து மேல்தொட்டியில் தண்ணீர் நிரம்பினால் மணி அடிக்கச் செய்யலாம். பிறகு வாழைத் தோட்டத்தில் ஈரப்பதம் பார்க்கும் சென்சாரை நட்டு, அது காட்டும் எண்ணையும் அப்பா மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்துச் சொல்வதையும் ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வரலாம். சென்சார் சீக்கிரமே பச்சை பிடித்துப் பொய் சொல்லத் தொடங்கும். அது ஏன் என்று கண்டுபிடிப்பதில்தான் படிப்பு தொடங்குகிறது. இவை எல்லாவற்றையும் 12 வோல்ட் பேட்டரியிலேயே செய்ய வேண்டும். மோட்டார் ரூமில் இருக்கும் மும்முனை மின்சாரத்தை, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகள் தொடவே கூடாது.